மூன்றாம் தண்ணீர் வரை

ஆலை வாசலில் எனக்காக ஒருவர் காத்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னபோது, அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்க வந்தவராக இருக்கும் என்று எண்ணியே நாற்காலியை விட்டு எழுந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் விவாத சங்கத்தில் என் எதிரே நின்று பேச ஆள் இல்லை என்ற பேச்சு, நான் ஆலையில் எழுத்தராகச் சேர்ந்த ஓராண்டுக்குள் ராஜபாளையத்திலும் பரவியிருந்தது. பரப்பியவர்களுள் நானும் ஒருவன்.

வந்தவர் அக்காவைக் கட்டிக்கொடுத்த சுந்தரபாண்டியத்துச் சம்சாரி. தம் நிலத்தில் விளைந்த பருத்தியை ஏற்றிய வண்டியோடு வந்திருந்தார். நான் நெருங்கியதும் அவர் பின்வாங்கி நின்றார்.

"ஒங்க அத்தான் சொல்லிவிட்டாக தம்பி. ஒங்க அக்காவுக்குத் தாய் வந்திருக்கா."

"அம்மையா?"

"பேரச் சொல்லாதீக. ஒடம்பு பூராம் முத்து. கண்ணத் தெறக்கல. வீட்டுல ஒருத்தருக்கும் அம்மை குத்தல, கிட்டப் போகப் பயந்து கெடக்காக. நீங்க குத்தினவுக, அதான் கூட்டியாரச் சொன்னாக."

"எம்புட்டு நாளாச்சு?"

"நாளெல்லாம் எண்ணப்படாது தம்பி."

அவ்வளவுதான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து செய்தி கொண்டுவருகிறவர்கள் விடைபெற்றுக்கொள்வதில்லை.

நோய் வராமல் தடுக்க அம்மை குத்துவதை ஆதரித்து நான் ஆற்றிய உரை பலராலும் பாராட்டப்பட்டது. எங்கள் சிறு வயதில் அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்ததும், அக்கா என் கையை இறுகப் பற்றி அவரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் ஓடிப்போய் வைக்கோற்படப்புக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் தெருவைக் கடந்து போன பின்பே வெளியே வந்தாள். அந்தக் கதையை மேடையில் சொல்லும்போதெல்லாம் அவை சிரித்துக் கைதட்டும். இப்போது வாசலில் நின்றபடி இடக்கைச் சட்டையை உயர்த்தி அம்மை குத்திய தழும்பைத் தொட்டுப் பார்த்தேன்.

விடுப்பு விண்ணப்பம் எழுதுவது எனக்குப் புதிய காரியமன்று. அந்த அலுவலகத்தில் பாதிப் பேருக்கு நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம், தொடங்கும் தேதி, எத்தனை நாள் என்னும் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேனேஜர் கையெழுத்திடமாட்டார். கையெழுத்து இல்லாமல் போனவனுடைய நாற்காலியில் அடுத்த வாரமே வேறொருவன் உட்கார்ந்திருப்பான். யுத்த காலம், வேலைக்குக் காத்திருப்போர் வாசலிலேயே நின்றார்கள்.

காரணத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் அந்த நோய்க்குள்ள பெயர் வெறும் பெயர்தான், கை கூசவில்லை. தேதியையும் எழுதினேன். நாட்களின் எண்ணிக்கைக்கு வந்ததும் பேனா நின்றது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது? மேடை ஏறினா எறங்க மாட்டீரு. ஒரு நம்பரு எழுத இம்புட்டு நேரமா?" பின்னர் அந்த ஆங்கிலச் சொல்லைப் படித்தவர், தம் நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துக்கொண்டார்.

ஹெட் கிளார்க் மட்டும் அருகில் வந்தார். "மூணு நாள்னு போடும் தம்பி. பொறவு தந்தி அடிச்சு நீட்டிக்கிடலாம். அதான் நல்ல வழி."

நல்ல வழிதான். ஆனால் மூன்று நாள் என்று நான் பிறருக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் அனைத்தும் சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு எழுதியவை. தகப்பனுக்கு மூன்று நாள். மனைவிக்கு மூன்று நாள். அதற்குமேல் எவரும் கேட்டதில்லை. அக்காளுக்கும் அதே எண்ணை என் கையாலேயே எழுதுவதா? ஒரு மாதம் என்று எழுதினால் வேலை போகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவ்வளவு பெரிய நம்பிக்கையைத் தாயின் முகத்துக்கு நேரே நீட்ட எனக்குத் துணிவில்லை. அம்மையைத் தாய் என்று நானே நினைத்துக்கொண்டதை அறிந்து திடுக்கிட்டேன். எந்தப் பொருளானாலும் இரு பக்கமும் நின்று வாதாடப் பயின்றவன் நான். அன்று நிற்க ஒரு பக்கமும் இல்லை.

"மூணு வேண்டாம் சார்" என்றேன்.

கடைசியில் எண்ணை விட்டுவிட்டு, அம்மை இறங்கிப் பிழைத்தவர்களுக்கு ஊற்றும் மூன்றாம் தண்ணீர் அவள் தலையில் ஊற்றப்படும் வரை என்று ஆங்கிலத்தில் எழுதி, நானே உள்ளே கொண்டுபோனேன்.

மேனேஜர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மேசைமீது விரித்த காகிதத்தைத் தொடாமல் படித்தார்.

"இப்படி ஒரு இங்கிலீஷ நான் படிச்சதில்ல. மொத தண்ணி ஊத்தியாச்சா?"

"இன்னும் இல்லை, சார்."

"பாபம்" என்றார் மெல்ல. உடனே குரலை உயர்த்தினார். "மூணாந் தண்ணி ஊத்தின பொறவும் நானா சொல்லியனுப்புற வரைக்கும் இந்தப் பக்கம் வரப்படாது. எம்புட்டுப் பேரு வேலை செய்யுத எடம்!"

"என் இடம் இருக்குமா, சார்?"

"பாப்போம்."

நான் நீட்டிய பேனாவை வாங்காமல், தம் பேனாவால் கையெழுத்திட்டார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ் ஏற்றங்களில் எல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சங்கக் கட்டடத்தைக் கடந்தபோது நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேறு பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து வயல்வழியே நடந்தேன். காற்றுத் திரும்பும்போதெல்லாம் சாவுச் சங்கொலி கேட்கிறதா என்று நின்று கேட்டேன். ஊர் தென்பட்டதும் பறை முழங்கியது. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் முழக்கத்துக்கு நடுவே ஒரு மனிதக் குரல் காதில் விழுந்தது. அது தண்டோராக்காரன் குரல். மறுநாள் அம்மை குத்த ஆள் வருகிறார், வீட்டுக்கு வீடு எல்லாரும் இருக்க வேண்டும் என்று கூவிக்கொண்டு போனான்.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. எதிர்ச்சாரியில் அத்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே கையை மட்டும் காட்டினார்.

அக்கா வாழை இலைமேல் கிடந்தாள். முகம் என்று சொல்ல ஓர் இடமில்லை. மூச்சு ஓடுகிறதா என்று குனிந்தேன்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"ஏலே, லீவு குடுத்தாகளா? எம்புட்டு நாளு?"

மீண்டும் அதே கேள்வி. "மூணாந் தண்ணி ஊத்துத வரைக்கும்னு எழுதிக் குடுத்தேன்."

வீங்கிய உதடுகள் பிரிந்தன. "அப்பம், எனக்கு ஊத்துவாகளாலே?"

எந்த அவையிலும் எனக்குச் சொல் தடுக்கியதில்லை. "மேனேஜரே கையெழுத்துப் போட்டிருக்காருக்கா" என்றேன். அதைவிட வலுவற்ற வாதத்தை வாழ்நாளில் நான் வைத்ததில்லை. அவளோ அதைக் கேட்டுத் தலையைச் சற்றே அசைத்தாள். வேப்பங்கொத்தை எடுத்து அவள் உடல்மேல் படாமல் வீசத் தொடங்கினேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கண்ணைத் திறக்காமலே அவள், "லீவு இருக்காலே?" என்று கேட்பாள். அந்தக் குரல் வரும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். வந்ததும், "இருக்குக்கா" என்பேன்.