தங்கப்பழம் காவல் காத்த தைலமரம்

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் ரோட்டில் முகம்மது சாதிக்குக்கு ஒரு தைலமரத் தோப்பு உண்டு. கடையநல்லூர்க்காரரான சாதிக் துபாயில் இருப்பதால், தோப்புக்குத் தங்கப்பழம் என்பவர்தான் காவல். ஒரு சுள்ளி காணாமல் போனாலும் அவருக்குச் சோறு இறங்காது. கொஞ்சம் அதிகப்படியான ஆள்தான்.

போன வருஷம்தான் முதல்முறையாக மரங்களை வெட்டிப் பேப்பர் மில்லுக்கு அனுப்பினார்கள். தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதை வளர்த்தால் போதும் என்றார் சாதிக். ஐப்பசி மழையில் துளிர்த்தது. ஆனால் இலை வேறாக இருந்தது. பழைய மரத்தில் இலை ஒடுங்கி, பிறை மாதிரி வளைந்து தொங்கும். இதுவோ பூவரச இலை போல அகலம். மரங்கள் வளர்ந்த பிறகு காவலுக்கு வந்தவர் தங்கப்பழம்; சாதிக்கும் வளர்ந்த தோப்பைத்தான் பார்த்திருந்தார். தங்கப்பழத்துக்குத் தலை சுற்றியது. வீடியோ காலில் சாதிக்குக்குக் காட்டினார்.

"இது நம்ம மரம் மாதிரி இல்லியே அண்ணாச்சி. யாரையும் உள்ள விட்டியளா?"

"கசக்கிப் பாத்தேன் மொதலாளி. தைல வாசந்தான் அடிக்கி."

"வாசத்த போன்ல எப்படிப் பாக்க? பக்ரீத்துக்கு வாரேன், பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' தங்கப்பழத்தைப் போட்டு அரித்தது. ராவோடு ராவாக எவனாவது வந்து ஒட்டுக் கட்டிவிட்டானா? அப்படியென்றால் நான் எங்கே போயிருந்தேன்?

"களவாணிப் பட்டம் கட்டிருவாவளோ" என்று மனைவி முப்பிடாதியிடம் புலம்பினார்.

"வாசம் அதேதான்னு நீங்கதான சொல்லுதிய. சும்மா இருங்க" என்றாள் அவள்.

சும்மா இருந்தால் அவர் தங்கப்பழமா? சரியான இலை வரட்டும் என்று எல்லாத் துளிரையும் அரிவாளால் அரிந்து தள்ளினார். மறுபடியும் அகல இலைதான் வந்தது. அதையும் வெட்டினார். துளிர்க்கத் துளிர்க்க வெட்டினார். சாதிக் போனில் கேட்டால், "கெடக்கு மொதலாளி" என்று மழுப்பினார்.

பக்ரீத் முடிந்த கையோடு சாதிக் தோப்புக்கு வந்தார். ரோட்டோர மூலையில் சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒரு தூர் மட்டும் அரிவாளுக்கு எட்டாமல் தப்பி, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அடியில் அகல இலை. உச்சியில் பழைய பிறை இலை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"சின்னதுல இப்படி இருந்துட்டு, வளந்ததும் ஒடுங்கும் போல. நம்ம மரந்தான் அண்ணாச்சி. நாந்தான் உங்கள தப்பா நெனச்சுட்டேன்" என்ற சாதிக், பிறகுதான் தோப்பைத் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாக மொட்டைத் தூர்கள்.

"அப்ப மத்தத யாரு வெட்டுனது?"

தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வெளியாளு யாரும் வரல மொதலாளி. ஒருத்தனையும் நான் உள்ள விடல" என்றார். "நாந்தான் வெட்டுனேன்."