வியன்னா மாநாட்டுக்கு நான் நர்ஸாகப் போனேன்

1983 செப்டம்பரில் என் மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு ஆறு நாள் வியன்னா போய்வந்தேன். திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. எழுத உட்கார்ந்தாலே கோபம் வந்துவிடும். பேனாவை மூடி வைத்துவிடுவேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் நம் தமிழ்ச் சங்கத்தில் இரண்டு பேர், "குழந்தையைக் காட்ட வெளிநாடு போகணும், எப்படிப் போனீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். அரண்மனைகளின் அழகைப் படிக்க வந்தவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

ஜெனிக்கு நான்கு வயது. பிறக்கும்போதே இரண்டு கையிலும் கட்டைவிரல் இல்லை. இடது முன்கையில் ஓர் எலும்பும் இல்லை. அதனால் அந்த மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்திருக்கும், முழங்கை மடங்காது. ஒன்றரை வருடத்துக்கு முன் இங்கே பூனாவில் ஒரு சர்ஜன் அவளுடைய வலது ஆள்காட்டி விரலை நகர்த்தி வைத்துக் கட்டைவிரலாக ஆக்கினார். நல்ல வேலை, மறுக்கவில்லை. அந்த விரலுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். தினம் நான்கு வேளை, துணி கிளிப்பும் சட்டைப் பட்டனும் கொண்டைக்கடலையும் வைத்துக்கொண்டு.

அடுத்தது இடது கை. டிசம்பரில் மணிக்கட்டை நேராக்கிவிடலாம் என்று நாள் குறித்தார் அதே டாக்டர். வேறு யாரிடமாவது கேட்கலாமே என்றேன். அப்போதுதான் வியன்னாவைப் பற்றிச் சொன்னார். கை அறுவை மருத்துவர்களின் உலக மாநாடு. ஜெனியை மேடையில் காட்ட வேண்டும். இந்த விஷயத்தில் பெரிய பேராசிரியர் ஒருவர் அந்த ஊரிலேயே இருக்கிறார், இடது கையை அவரிடம் காட்டி அபிப்பிராயம் வாங்கித் தருகிறேன் என்றார். அந்த ஒரு வாக்குக்காகத்தான் போனேன்.

ஒரு சிக்கல். மாநாடு நடத்துபவர்கள் நோயாளிக்கும் ஒரு நர்ஸுக்கும் டிக்கெட், தங்குமிடம் தருவார்கள். தாய்க்குக் கிடையாது. டாக்டர் அதை அரை நிமிஷத்தில் தீர்த்துவிட்டார். (எங்களோடு இங்கிலீஷில்தான் பேசுவார், தமிழில் தருகிறேன்.)

"நீங்களே நர்ஸாக வாருங்கள், மிஸஸ் சாமுவேல். வெள்ளைப் புடவை இருக்கிறதல்லவா? அங்கே அம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று மட்டும் குழந்தைக்குச் சொல்லி வையுங்கள்."

வீட்டில் என் கணவர் முகத்தைச் சுளித்தார். "பொய் சொல்லிட்டுப் போகணுமா ரோஸி?"

"போகலன்னா டிசம்பர்ல கத்தி வச்சிருவாவ. அதுக்கப்புறம் யார்ட்ட போய்க் கேக்க?"

ஜெனிக்கு ஒரு வாரம் ஒத்திகை. "நான் யாருட்டி?"

"சிஸ்டரு." உடனே, "இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கலம்மா."

"எனக்கும்தான்."

இனிப் பயண விவரம். எங்கள் வீடு இருக்கும் வானவடியிலிருந்து பூனா ஸ்டேஷன் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ எட்டு ரூபாய். காலை 7.15 டெக்கான் குவீன். 192 கிலோமீட்டர், பம்பாய் வி.டி.யில் 10.40. குழந்தையோடு போகிறவர்கள் ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள், கர்ஜத் வரும்வரை மலையையும் சுரங்கப்பாதைகளையும் எண்ணியே பொழுது போய்விடும். அங்கிருந்து விமான நிலையம் இருபத்தெட்டு கிலோமீட்டர், டாக்ஸி எழுபது ரூபாய். பாஸ்போர்ட்டை வழியில் நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் புடவையைப் பார்த்த டாக்ஸிக்காரர், "சிஸ்டர், எந்த ஆஸ்பத்திரி?" என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இது சிஸ்டர் இல்ல, எங்கம்மா" என்று ஜெனி இந்தியிலேயே போட்டு உடைத்துவிட்டாள். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ஒரே ஆளுக்கு ரெண்டு டியூட்டியா, பெஹன்ஜி?"

ரோமில் விமானம் மாற்றம், மூன்று மணி நேரக் காத்திருப்பு. வியன்னா விமான நிலையத்திலிருந்து நகரம் பத்தொன்பது கிலோமீட்டர். மாநாட்டுக்காரர்கள் வேன் அனுப்பியிருந்தார்கள். டாக்டரை மாநாடு நடக்கும் அரண்மனைக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இறக்கிவிட்டார்கள். எங்களை நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் விடுதியில். நியாயம்தானே, நர்ஸ் ஆயிற்றே! பக்கத்து அறைப் பெண், உங்கள் வார்டில் எத்தனை கட்டில் என்று கேட்டாள். முப்பது என்று அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு.

டிராம் டிக்கெட் பதினெட்டு ஷில்லிங், நம் பணத்தில் பத்து ரூபாய். இருபது நிமிடத்தில் மாநாட்டு வாசல். பழைய அரண்மனை. கூரை முழுக்க ஓவியம், கண்ணாடிச் சரவிளக்குகள், நீலக் கழுத்துத்துணி கட்டிய வரவேற்புப் பெண்கள், ஆறு மொழியில் அறிவிப்பு. விருந்தோம்பலில் குறை சொல்ல முடியாது, டாக்டராக இருந்தால். எங்களைக் கோட்டுகள் மாட்டும் அறையில் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நாற்பது நிமிடம். சாப்பாட்டுச் சீட்டு நர்ஸுக்குக் கிடையாது. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நடுவே என் குழந்தை நான் கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றாள்.

மேடையில் பன்னிரண்டு நிமிடம். ஜெனி பட்டன் போட்டாள், நாணயம் எடுத்தாள், பென்சில் பிடித்தாள். அரங்கமே கைதட்டியது. "அறுவைக்குப் பின் எங்கள் பணியாளர்கள் முறையாகப் பயிற்சி அளித்தார்கள்" என்றார் டாக்டர். அந்தப் பணியாளர்கள் எல்லாருமாக நான் ஒருத்திதான் ஓரமாக வெள்ளைப் புடவையில் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, பேராசிரியரை எப்போது பார்ப்பது? முதல் நாள் கேட்டால், "இப்போது மதிய விருந்து." இரண்டாம் நாள், "நகர மண்டபத்தில் வரவேற்பு, வால்ட்ஸ் நடனம், இன்று முடியாது." மூன்றாம் நாள் டான்யூப் நதியில் படகுச் சவாரி. நாலாம் நாள் மாநாடு முடிகிறது. அன்று காலை 8.15க்கு நானே ஜெனியைத் தூக்கிக்கொண்டு அலுவலக மேஜைக்குப் போனேன். நீலத்துணிப் பெண் ஒருத்தி பட்டியலை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் பெயருக்கு நேரம் எதுவும் இல்லை, சிஸ்டர். யாரும் கேட்கவே இல்லையே."

கேட்கவே இல்லை! எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தப் பெண் நல்லவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே போய்ப் பேசி, 10.40 காபி இடைவேளையில் பத்து நிமிடம் வாங்கி வந்தாள்.

பக்கத்துச் சிறு அறை. பேராசிரியர் நெட்டையான மனிதர், கையில் காபிக் கோப்பை. யார் சொன்னார்களோ, எங்கள் டாக்டரும் மூச்சிரைக்க வந்துவிட்டார். பேராசிரியர் நான் கொடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்கையை மடக்க முயன்று பார்த்தார். பிறகு கேட்டார்:

"பெற்றோர் எங்கே?"

"இந்தியாவில்," என்றார் டாக்டர். "என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன்."

"வெட்டுவதா வேண்டாமா என்பதைப் பெற்றோரிடம்தான் பேசுவேன். முகவரி கொடுங்கள், கடிதம் எழுதுகிறேன்." எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுவிட்டார்.

கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? டாக்டரின் கிளினிக்குக்கு.

"நான்தான் இவள் தாய்," என்றேன். "தாய்க்கு இங்கே இடமில்லை என்றார்கள். அதனால் பொய் சொல்லி வந்தேன்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். பேராசிரியர் மாநாட்டில் தந்து என் புடவையில் குத்தியிருந்த நர்ஸ் அட்டையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஊரில் எனக்கு யாராவது நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை.

காபித் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஜெனியின் இடது கைப்பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எம்மா, பீச்சாங்கையிலயா? அடிக்க மாட்டியே?"

அடித்திருக்கிறேன். இடது கையால் சோறு எடுக்கப் போனபோதெல்லாம் அந்தக் கையில் தட்டியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் அசிங்கம் என்று முதலில் நானே ஊட்டினேன். வலது கைக்கு விரல் வந்தபின் வலது கையால்தான் என்று கறாராக இருந்தேன்.

"தின்னுட்டி," என்றேன்.

நான்கு விரலுக்கு இடையில் பிடித்தாள். முழங்கை அசையவில்லை. வளைந்த மணிக்கட்டு இருந்தபடியே பிஸ்கட் நேராக வாய்க்குப் போனது.

பேராசிரியர் மெதுவாக, எனக்குப் புரியும் இங்கிலீஷில் சொன்னார்: "முழங்கை மடங்காத கை இது. மணிக்கட்டு வளைந்திருப்பதால்தான் வாய்க்கு எட்டுகிறது. நேராக்கினால் பார்க்க நன்றாயிருக்கும், வாய்க்கு எட்டாது. இதைத் தொடவே தொடாதீர்கள்." அப்புறம் டாக்டரிடம், "இவள் சாப்பிட்டு நீங்கள் பார்த்ததே இல்லையா?"

அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

திரும்பி வந்து பம்பாய் விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்திருந்தபோது டாக்டர், "வெளிநாட்டார் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டீர்கள்" என்றார்.

"டிசம்பர்ல நாங்க வரல டாக்டர்," என்றேன். தமிழில்தான் வந்தது. புரிந்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பரிலேயே அங்கே குளிர். குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீர் நல்லது, காய்ச்ச வேண்டாம். பால் கிடைக்கும், சோற்றுக்கு வழியில்லை. அவலும் பொரிகடலையும் கொண்டுபோங்கள். டாக்டர் யாரையாவது பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றால், நாளும் மணியும் எழுத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட்டில் கை வையுங்கள். எக்ஸ்ரேயை உங்கள் பெட்டியில் வையுங்கள், அவர் பெட்டியில் அல்ல. எந்தப் படிவத்திலும் தாய் என்றே எழுதுங்கள். இடமில்லை என்றால் அவர்கள் வாயால் சொல்லட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நாள் குழந்தையைத் தட்டிலே சோறு போட்டுத் தனியாக விடுங்கள். "அந்தக் கை வேண்டாம், இப்படிப் பிடிக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எதிரே உட்கார்ந்து பாருங்கள். எது எங்கே எட்டுகிறது என்று அதுவே காட்டும். நான் அதைப் பார்க்க ஆறாயிரம் கிலோமீட்டர் போனேன். வானவடியில், என் அடுப்படியில், எந்த மத்தியானமும் பார்த்திருக்கலாம்.