விறகில் எடுத்த பலகை

விறகுக்கடைக்காரனின் தங்கையை எல்லோரும் 'ரம்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேசி அறுப்பவள் என்பதால் அல்ல. அவள் வாயிலிருந்து நாளுக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம். லாரியிலிருந்து சரியும் கட்டைகளில் நேரானதாக, வைரம் பாய்ந்ததாகப் பார்த்து ஒதுக்கிவிடுவாள். வெயிலில் வாய் பிளக்காமலிருக்க இரண்டு முனையிலும் மெழுகை உருக்கிப் பூசுவாள். ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்து, பலகையாக அறுத்து, பின்பக்கக் கொட்டகையில் நடுநடுவே குச்சி கொடுத்துக் காற்றாட அடுக்குவாள். காய ஒரு வருஷமாகும். அந்தப் பலகைக்குத் தச்சர்கள் காத்துக்கிடந்தார்கள். அதுதான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"எரியப்போற கட்டைக்கு அலங்காரம் பண்றா பாரு!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சிரிப்பான். சிரிப்பு ஓய்ந்ததும் கையில் கிடைத்ததை அவள்மேல் எறிவான். ஒருமுறை காலில் கட்டை விழுந்து நகமே பெயர்ந்துவிட்டது.

அடைமழையில் விறகெல்லாம் ஊறிப்போன ஒரு நாள், பேக்கரிக்காரர் வந்து நின்றார். "காஞ்ச விறகு இல்லேன்னா நான் வேற கடை பாத்துக்கிறேன்" என்றார். அண்ணன் கோடரியோடு நேரே அவள் கொட்டகைக்குள் போனான். முதல் வெட்டிலேயே இரண்டு பலகை சிதறின.

"அண்ணா, வேணாம். ஒரு வருஷமா காஞ்ச வாகைப் பலகை."

"காஞ்சதுதான்டி வேணும்!"

அவள் குறுக்கே போய் நின்றாள். கோடரிக் காம்பால் தோளில் ஓங்கி அடித்தான். காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்த இடத்தில், ஆப்படிக்கும் கொட்டாப்புளி கைக்கு எட்டியது. அவன் இடது கையைப் பலகையில் ஊன்றி மறுபடி கோடரியை ஓங்கினான். அவள் உட்கார்ந்தபடியே, நல்ல கையால் அடித்தாள். ஊன்றிய விரல்கள் நசுங்கின.

அலறல் கேட்டு ஓடிவந்த அண்ணிக்கு யாரை முதலில் தூக்குவதென்று தெரியவில்லை. "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே, வேற எப்படி இருக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதும், "கட்டை சரிஞ்சிடுச்சு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவனுக்கு இரண்டு விரல்கள் போயின. கோடரி பிடிக்க ஆள் வைத்துக்கொண்டான். அவள் தோள் கோணலாகவே கூடியது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாள். தப்பிய பலகைகளில் ஒரு தச்சர் கட்டில் செய்தார். அண்ணன் இன்னமும் கத்துகிறான், எட்ட நின்றபடி.

"அவர் கையைப் பாத்தா உனக்குப் பாவமா இல்லையா?" என்று ஒருநாள் அண்ணி கேட்டாள்.

"இருக்கு அண்ணி. மறுபடி வந்தா மறுபடியும் அடிப்பேன்."