சோலைமலைக்கு மூன்று தடவை தொக்கம் எடுத்தேன்

சோலைமலையைக் குடிகாரன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்தவனில்லை, சாக்கடையில் விழுந்து கிடந்தவனில்லை. போடியில் எங்கள் பக்கத்து வீடு. திங்கட்கிழமை விடியலில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவான், ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமப்பான், சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவான். நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலத்திலும் மெட்டைத் தாண்டினால் கேரளத்துச் சாராயக்கடை. குளிருக்கு என்று அறுபத்தெட்டில் தொடங்கியவன், ஒரு நாள் விடாமல் பதினைந்து வருஷம் குடித்தான். வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். குடித்தாலும் ஒழுங்கான மனுசன் என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

எண்பத்து மூன்றில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கறிச்சோறு அவன் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சோறு தின்றால் அடைக்கும், கஞ்சி மெல்ல இறங்கும்.

"சாராயம் மட்டும் வழுக்கிக்கிட்டுப் போகுதுக்கா" என்று சிரிப்பான். அவன் பெண்டாட்டி மாயக்காள் சிரிக்கவில்லை. துணிப்பையில் வேட்டியும் சொம்பும் எடுத்து வைத்து, மதுரை ஆஸ்பத்திரிக்கு அவனைக் கிளப்பிவிட்டாள்.

நான்தான் மறித்தேன். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்தே தொக்கம் எடுப்போம். விழுங்கிய கறித்துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால், தொண்டைக்குழியில் ஊதாங்குழலை வைத்து உறிஞ்சி, எடுத்துக் காட்டுவோம். பெரியகுளத்திலிருந்துகூட ஆள் வரும்.

"ஏன்டி, தொக்கத்துக்குப் போயி மதுரைக்குப் போவாகளா? இந்த மூக்கம்மா செத்தா போயிட்டா?" என்றேன்.

உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினேன். வெந்த கறித்துண்டு. அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கணுமே! மறுநாளே மலையேறிவிட்டான். சித்திரையில் மறுபடி அடைத்தது, எடுத்தேன். ஆடியில் வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அப்போதும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மாயக்காள் பையைக் கட்டினாள், ஒவ்வொரு தடவையும் பிரித்து வைத்தாள்.

புரட்டாசியில் தண்ணீரும் இறங்கவில்லை. மதுரைக்கு நானும் கூடப் போனேன். உணவுக்குழாயில் புற்று என்றார் டாக்டர்.

"எத்தனை வருஷமாக் குடிக்கிறாரு?"

மாயக்காள் சொன்னாள். "ஆனா நெதானம் தப்ப மாட்டாருய்யா."

"நெதானமா இருந்தா என்னம்மா? தெனமும் குடிச்சா இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். சரி, அடைப்பு எப்பயிருந்து?"

"தையிலருந்து."

அவர் பேனாவை மூடினார். "அப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்."

நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஐப்பசியில் செத்தான், எலும்பும் தோலுமாக. கடைசியில் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பாவி மகன், அப்போதும் என்னைப் பார்த்தால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவான், இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாயக்காள் சத்தமில்லாமல் கேட்டாள்.

"மதினி, அவருக்கு உள்ள இருந்தது புத்துதானே? அப்ப மூணு தடவ நீங்க எடுத்துக் காட்டுன கறி எங்கருந்து வந்துச்சு?"

என் கடைவாயிலிருந்து வந்தது. குழலை வைக்கும் முன்பே அங்கே ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அம்மா அப்படித்தான் செய்வாள்.

"கையக் கழுவிட்டு வாடி, ரெண்டு வாய் சாப்புடலாம்" என்றேன்.

அவள் வரவில்லை.