வாளியில் போன ஆறு தவளைகள்

டொமினிக்கா தீவில் மலைக்கோழி என்றால் கோழி இல்லை, உள்ளங்கையில் அடங்காத தவளை. எலுமிச்சையும் பூண்டும் தடவி அதன் காலை ஹெர்மினா பொரித்து வைத்தால், கோபித்துக்கொண்டு போன மருமகன்கூட வீடு திரும்பிவிடுவான். இருபத்தைந்து வருஷமாக அவள் சாப்பாட்டுக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான். சுதந்திர தினத்தில் அது இல்லாமல் ஒரு பந்தியா?

அந்த வருஷம் தவளைகள் பட்டப்பகலில் ஓடைக்கரைக்கு வந்து உட்கார்ந்தன. தொட்டாலும் குதிக்கவில்லை. ஊரே சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஹெர்மினாவுக்கு மட்டும் மனசு சரியில்லை. உரிக்கும்போது தொடையெல்லாம் சிவந்து, தோல் விரலோடு வந்தது. தின்னாதீர்கள், இது சீக்கு என்றாள். கேட்டால்தானே.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? துள்ளுகிற ஆறு தவளைகளைப் பொறுக்கி வாளியில் போட்டு, ஈரச் சேம்பு இலையால் மூடி, மலைமேட்டைத் தாண்டிப் போய்த் தம்பி கில்ஃபர்ட் வீட்டருகே ஓடையில் விட்டாள். விதையாவது மிஞ்சட்டும் என்றுதான், பாவம். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் தம்பி போன் போடுவான். பேசமாட்டான், ஓடைப் பக்கம் நீட்டுவான். ஊப், ஊப் என்று கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ரெண்டு மாசம் போயிருக்கும். "அக்கா, இங்கயும் பகல்ல வந்து உக்காருதுக்கா," என்றான்.

மறுநாள் மத்தியானம் காட்டிலாகாவில் வேலை பார்க்கும் எஸ்ரன் சாப்பிட வந்தான்.

"தவளைங்க தோல்ல புடிக்கிற பூஞ்சை, அத்தை. தண்ணியில பரவுது. நல்லாத் துள்ளுறதுகூட அதைச் சுமந்துட்டுத்தான் திரியும். மேட்டைத் தாண்டி எப்படிப் போச்சுன்னுதான் புரியல. இனி சுத்தமா இருக்கறது தெக்கு ஓடை ஒண்ணுதான்."

ஹெர்மினா சீவின கிழங்கையே மறுபடி சீவினாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நீ கவலையை விடுக்கா," என்றான் அவன், அவளைப் பேசவிடாமல். "நீ செஞ்சதையே நானும் செய்யறேன். நல்லதாப் பத்து பொறுக்கி உன் வாளியிலயே போட்டு, தெக்கு ஓடைக்குக் கெளம்பிட்டேன்."

பேச்சு அறுந்துபோனது. திரும்பத் திரும்ப அழைத்தாள். கிடைக்கவில்லை. உள்ளே வந்தாள். கடை நிறைய ஆட்கள்.

"எஸ்ரன், வண்டிய எடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் சீக்கக் கொண்டுபோனது நான்தான்."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"அப்புறம் திட்டிக்க. தம்பி இப்ப அதையே தெக்க கொண்டுபோறான்."

ஓடைக்கு ஐம்பது அடி இருக்கும்போது பிடித்தார்கள். கில்ஃபர்ட் பெருமையாக இலையை விலக்கிக் காட்டினான். "பாருங்க, எல்லாம் துறுதுறுன்னு."

எஸ்ரன் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாளியை வாங்கிக்கொண்டான். கில்ஃபர்ட் அக்காவைப் பார்த்தான்.

"அப்ப என் ஓடையில நீ விட்ட ஆறு?"

"அதுங்கதான்டா. என்னாலதான்."

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தெற்கு ஓடை அன்றைக்குத் தப்பித்தது. ஆனால் அன்று மாலையிலிருந்து போன் வரவில்லை.

சுதந்திர தினத்தன்று ஹெர்மினா நாட்டுக்கோழி பொரித்தாள். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். பொழுது சாயும்போது போன் அடித்தது. தம்பிதான். பேசவில்லை, வழக்கம்போல ஓடைப் பக்கம் நீட்டினான். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவனாக வைக்கிறவரைக்கும் அவளும் வைக்கவில்லை.