இருதயம்மாளும் வறுத்த மயில்துத்தமும்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டம் ஒன்றில், காய் உலர்த்தும் சூளைக்கும் அழுகல் நோய்க்கு மருந்து கலக்கும் பீப்பாய்க்கும் இருதயம்மாளே அதிகாரி. சம்பளச் சீட்டில் அவ்வாறு எழுதப்படவில்லை என்பது வேறு. மருந்து பிசகிக் காய் அழுகினால், கலக்கியவரை அனுப்பிவிடுவது அத்தோட்டத்தின் வழக்கம். அவளுக்கு முன்னிருந்த சென்னிமலை அப்படித்தான் போனான்.

1974 மே மாதத்தில், வேதியியல் பட்டத்தோடு பாலக்காட்டிலிருந்து முத்துசுவாமி மேலாளராக வந்து சேர்ந்தார். அந்த மருந்துக்கான நீலக் கட்டியான மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) நூறு கிலோவுக்கு முப்பத்தாறு கிலோ வெறும் நீர் என்று கணக்கிட்டார். மலைமேல் நீரைச் சுமப்பானேன் என்று, அதை மலையடிவாரப் போடியிலேயே வெள்ளைப் பொடியாக வறுக்கச் செய்து சாக்குகளில் ஏற்றினார். லாரி பழுதாகி, மூன்று நாள் மலைப்பாதையில் பனிமஞ்சில் நின்றது. சாக்கைப் பிரித்தபோது பொடி நீலம் பாரித்திருந்தது.

"நூறு கிலோ போடற எடத்துல அறுபத்துநாலு போட்டாப் போறும், கேட்டியா?"

"இது மஞ்சு ஈரத்தக் குடிச்சிட்டு வந்திருக்குய்யா. மருந்து நீத்துப் போவும்."

"பி.எஸ்ஸி. படிச்சது நீயா, நானா?"

"நீங்கதான். காய் அழுகுனா வேல போறது எனக்கு."

பச்சை ஏலக்காயின் ஈரத்தை அறிய அவளிடம் ஒரு முறை இருந்தது. நிறுத்து, சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி நிறுப்பாள்; அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாகும்வரை விடமாட்டாள். பொடிக்கும் அதையே செய்தாள்; இரும்புச் சட்டியில் துத்தத்திலுள்ள செம்பு படியும் என்பதால் மண்சட்டியை எடுத்தாள். நூறு கிராம் பொடி எண்பதாயிற்று. பிறகு எழுபத்திரண்டு, எழுபது, மீண்டும் எழுபது.

மேலாளர் நம்பவில்லை. தாமே வறுத்தார். "எண்பத்தொண்ணு. ஆச்சு."

"காயி அர ஈரமா இருக்கையில மூட்ட கட்டுவமாய்யா? நடுவுல நீலம் கெடக்கு, பாருங்க."

பட்டதாரி மறுபடி அடுப்பின் முன் குந்தினார். நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் தராசு எழுபதையே காட்டியது. உறை ஒன்றின் பின்புறத்தில் வகுத்துப் பார்த்தார். நூறு கிலோ பொடியில் எழுபதே நீரற்ற துத்தம் என்றால் அறுபத்துநாலு கிலோ போதாது, தொண்ணூற்றொன்று வேண்டும்.

"அப்ப போடியில எரிச்ச வெறகு தெண்டமாய்யா?"

"நீ ஒண்ணும் பேசப்படாது. கலக்கு."

"மருந்து நோட்டுல அந்தத் தொண்ணூத்தொண்ண நீங்களே எழுதி, கையெழுத்துப் போடுங்க. அப்பறம் பீப்பாயத் தொறக்கேன்."

முத்துசுவாமி எழுதினார். பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் விடாமல் சேர்த்தார். இருதயம்மாள் மை உலரும்வரை பார்த்திருந்துவிட்டுப் பீப்பாயைத் திறந்தாள்.