ஆவிக்கு வைத்த இலை

ஆவிக்குப் படைத்த சோற்றைத் தின்றவன் நான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார்கள், எதிரொலியோடு. விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. கள்ளக்குறிச்சியில் இத்தனை வருடமாக இயற்பியல் நடத்துகிறேன், ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கும் ஓம் விதியைப் புரியவைத்திருக்கிறேன் என்பதெல்லாம் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கேட்காமலேயே எனக்குப் பெரிய கிளாஸில் ஊற்றுகிறார். எனக்குள்ளே இரண்டு பேர் இருப்பதாக நினைக்கிறாரோ என்னவோ.

எல்லாம் என் மகளிடமிருந்து தொடங்கியது என்று நான் சொல்வேன். உங்களிடமிருந்துதான் என்பாள் என் மனைவி.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படித்தது அவள், பதறியது நான். அவள் அறைச் சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். விளக்கு எரிந்தால் ஏன் தூங்கவில்லை என்று கேட்டேன், அணைந்திருந்தால் ஏன் படிக்கவில்லை என்று கேட்டேன். சிநேகிதி கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போனாள் என்றால், பஸ் தியாகதுருகம் தாண்டியதா, உட்கார இடம் கிடைத்ததா, பக்கத்தில் யார் என்று போன் போட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை அவள் போனைப் பக்கத்து சீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். "தம்பி, ஒம் பொண்ணு பத்திரமா கீது. நான் பாத்துக்கறேன், நீ வையி போன" என்றது அந்தக் குரல். அந்த அம்மா யார் என்று அடுத்த போனில் விசாரித்தேன்.

இப்படி இருந்த பெண் ஒரு வாரத் தியானம் என்று போனவள் திரும்பி வரவில்லை.

போன இடம் தூரமில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்கும் இடத்தில், மூடிப்போன ஒரு ஜவ்வரிசி ஆலை. மாவு காயவைத்த சிமெண்டுக் களத்தில் தகரக் கூரை போட்டுக் கூடமாக்கியிருந்தார்கள். நடத்துபவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எல்லோருக்கும் அவர் ஐயா. அவருடைய போதனை ஒரே வரிதான்: "உள்ள போங்க, உள்ள எடம் கீது." வேலையில் இருந்த காலமெல்லாம் படிக்கட்டில் தொங்கியவர்களிடம் சொன்னதைத்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டு அழுகிறார்கள்.

அங்கே இருப்பவர்களுக்குச் சாயம் போடாத துணி, தலையில் முக்காடு. போன் கிடையாது. சாப்பாட்டில் உப்பு கிடையாது. சூரியன் உச்சிக்கு வந்ததிலிருந்து மதியச் சாப்பாடு முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் மாதம் நான் போய், வாசல் கேட் அருகில் நின்றேன். மகள் வெளியே வந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் நல்லா கீறேன்ப்பா. கூப்ட வராத. வரணும்னு தோணுறப்ப நானே வருவேன்."

"எப்ப தோணும்?"

அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். அதன் பிறகு நான் போனபோதெல்லாம் வெளியே வரவே இல்லை.

காவல் நிலையத்துக்குப் போனேன். "பொண்ணு மேஜர் சார், அதுவா போயிருக்குது. அடிக்கறாங்களா? நகை கிகை எதனா புடுங்கிட்டாங்களா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"சாப்பாட்டுல உப்பு போடறதில்லைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு செக்‌ஷன் இல்ல சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் பாழடைந்த பங்களா ஒன்றில் பேய் தேடிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு வாட்ஸப் எண் ஓடியது. உங்கள் ஊரிலும் மர்மமா? எழுதுங்கள். நான் எழுதினேன். பேய் இருக்கிறது என்று எழுதவில்லை, அந்த அளவுக்குப் படிப்பு தடுத்தது. "மூடிய ஆலைக்குள் விளக்கமுடியாத ஓசைகள்" என்று எழுதினேன். ஓசை, மலைக்காற்றில் தகரம் அடித்துக்கொள்வது. விளக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், பதினோராம் வகுப்புக்கு நடத்துகிறேன். ஆனால் கேமராக்காரர்கள் வந்து அந்த இடத்தைக் கிழித்துக் காட்டினால், அது வெறும் ஏமாற்று என்று மகளுக்குப் புரிந்துவிடும், பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்பது என் திட்டம்.

மனைவியிடம் சொன்னேன். "இன்னாங்க, பொண்ண அழைச்சினு வர்றதுக்குப் பேய் ஓட்றவன கூப்ட்டீங்களா?" என்றாள்.

"பேய் ஓட்றவன் இல்ல. ஆய்வுக் குழு."

"ஆமா, நாசாலருந்து வரான்."

வேனில் வந்தார்கள். விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு கேமரா வண்டி என்றாலே வெறுப்பு, வழி சொல்ல இந்த டவுனில் ஆளில்லை. அந்தச் சாவு நடந்த கருணாபுரம் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தவர்களை நானே போய் அழைத்துவர வேண்டியதாயிற்று. தொகுப்பாளர் கறுப்பு ஜிப்பா போட்டிருந்தார், விரலுக்கு ஒரு மோதிரம். நாங்கள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது.

"ராத்திரிதான் எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"ராத்திரி சென்னைல வேற ஷூட் சார். எடிட்ல நீலமாக்கிடுவோம்."

"நிழல் காலடியிலயே கிடக்குதே?"

"நிலா உச்சில கீதுன்னு சொல்லிடுவோம்."

உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். ஐயா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, "உள்ள போங்க" என்றார். அவருக்கு வேறென்ன தெரியும்?

பேய் இருந்தால் கத்துமாம் என்று ஒரு சின்னக் கருவியை நீட்டிக்கொண்டு போனார்கள். பழைய மோட்டார் வயர் ஓடும் சுவர் அருகே அது கீக்கீக் என்று கத்தியது. எங்கள் ஆய்வகத்தில் திசைகாட்டி முள்ளை வைத்து நான் காட்டுகிற அதே சமாச்சாரம், மின்சாரம் ஓடினால் பக்கத்தில் காந்தப் புலம். சொல்லியிருக்கலாம். ஆனால் கருவி என் கட்சியில் இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நான் தேடியது மகளை. எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே முக்காடு. தூரத்தில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் என் மகள் மாதிரி இருந்தாள். கிட்டே போனால் யாருமே அவள் இல்லை.

அதற்குள் மௌன நேரம் வந்துவிட்டது. களத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள். வரிசையின் கடைசியில் ஓர் இலைக்கு மட்டும் ஆளில்லை. ஆனால் அதிலும் சோறு வைத்து, பூசணிக்காய்க் கூட்டு வைத்து, தண்ணீரும் வைத்தார்கள். தொகுப்பாளர் என் முழங்கையைப் பிடித்தார். "பாத்தீங்களா சார்? யாருக்குப் பரிமாறுறாங்க?" என்று கிசுகிசுத்தார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போடவேண்டும். காலையிலிருந்து வெயிலில் நின்றதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி இலைக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், வாய் திறக்காமல் அந்த இலையைத் தட்டிக் காட்டினார். நான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். இதுதான் நடந்தது. ரத்தக் கொதிப்புக்காரன் வீட்டிலும் உப்பில்லாமல்தானே தின்கிறான். சாம்பார் நன்றாகவே இருந்தது.

பந்தியில் நாம் சாப்பிடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பரிமாறுபவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு வாளி வரும், ஒரு கரண்டி வரும். வேண்டுமென்றால் இலையில் விரலால் இடம் காட்டுவோம், வேண்டாமென்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து மறைப்போம். அன்று சாம்பார்க் கரண்டி இடது கையில் வந்தது. இடது கையால் போடுகிறார்களே, முறை தெரியாத கூட்டம் என்று மனசுக்குள் ஒரு சலிப்பு. என் கண் இலையில் பாதி, தூரத்து வரிசையில் மகளைத் தேடியபடி பாதி. கரண்டி இரண்டாம் முறை வந்து நின்றது. கையைக் கவிழ்த்தேன். கொஞ்சம் தயங்கி, போய்விட்டது.

மகளைப் பார்க்காமலேயே திரும்பினேன். "சூப்பர் எபிசோட் சார்" என்றார் தொகுப்பாளர்.

ஒளிபரப்பான அன்று மேல்வீட்டுக்காரர் குடும்பத்தையும் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேரையும் நானே வீட்டுக்கு அழைத்திருந்தேன். நான் சமூக அவலத்தை அம்பலப்படுத்திய ஆளாக வரப்போகிறேன் அல்லவா? மனைவி போண்டா போட்டாள்.

திரை நீலமாக இருந்தது. உருமி மாதிரி ஒரு சத்தம். ஆளில்லாத இலை. பிறகு நான். நீல முகத்தோடு, கண் பிதுங்க, சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிறேன். நான் அவ்வளவு அவசரமாகச் சாப்பிடுவேன் என்று எனக்கே தெரியாது. "ஆவிக்குப் படைத்த உணவை உண்ட மனிதர்! உப்பில்லாத அந்த உணவு யாருக்கானது?" என்றது குரல். ஸ்டாஃப் ரூம் போண்டாவை மெல்லுவதை நிறுத்தியது.

இடைவேளை முடிந்ததும் படத்தை மெதுவாக ஓட்டினார்கள். இலையைப் பார்த்தபடி நான். என் தலைக்கு மேலே முக்காடு போட்ட ஓர் உருவம். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வந்து விழுந்தது.

"யார் இந்தப் பெண்? அருகிலிருந்தவருக்கே இவள் தெரியவில்லை! மனிதர்கள் இடது கையால் பரிமாறுவார்களா?"

மேல்வீட்டு அம்மா ஐயோ என்று காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டார். வட்டம் பெரிதானது. அந்த உருவம் குனிந்து என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கரண்டியை நீட்டுகிறது. நான் கையைக் கவிழ்க்கிறேன். அது இன்னும் கொஞ்சம் நிற்கிறது.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் ஜல்லிக் கரண்டி. "இன்னாங்க, இது நம்ம பொண்ணு" என்றாள்.

பேனா பிடித்த நாளிலிருந்து இடது கைப் பழக்கம் அவளுக்கு. வலது கைக்கு மாற்ற நான் பாடுபட்டதும், கடைசியில் தோற்றதும் இந்த வீட்டில்தான். அன்று எனக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. வந்தவர்கள் அதையும் ஆவிக் கணக்கில் எழுதிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். ஊரே அவளைப் பேய் என்று பார்த்தது. நான் அந்த அளவுக்குக்கூடப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு இன்னும் கரண்டி மாதிரி என் தலைக்கு மேலே நிற்கிறது.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியோடு முதல் பஸ்ஸில் போனேன். எங்களுக்கு முன்னாலேயே கேட்டில் பைக்குகள். பேய் பார்க்க வந்த கூட்டம், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

மகள் வெளியே வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவது வாட்டி சாம்பாரு எடுத்தாந்தேன். வாணாம்ன்ட்ட."

"பாக்கலம்மா."

"தெரியும். என்னயத்தான் தேடிக்கினு இருந்த." அவள் சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அவங்கள நீதான வர வச்ச?"

மனைவி வானத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அந்தக் கடைசி எல வழில வர்றவங்களுக்குப்பா. ஆடு மேய்க்கறவரு வருவாரு, லாரி டிரைவரு வருவாரு. யாரும் வரலன்னா மாட்டுக்கு. அன்னிக்கு நீ வந்த. அவ்ளோதான்." கேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "இப்ப இவங்க ஐயா குளிக்கறதக்கூட படம் புடிக்கறாங்க. வர்றவங்ககிட்ட நீ நின்னு சொல்லு, அது பேய் இல்ல, எம் பொண்ணுன்னு."

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தக் கேட்டில் நிற்கிறேன். "அது என் பொண்ணுங்க. பி.எஸ்சி. படிச்சிருக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். பெரும்பாலும் நம்புவதில்லை. சாட்சி சொல்பவன் யார் என்று பார்ப்பார்கள் அல்லவா?

போன வாரம் ஒரே பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். "பெர்சு, நீதான அந்தச் சோத்த துன்னது? உனக்கு எப்டி தெரியும், அது இன்னா ரேஷன் கார்டு காட்டுச்சா?" என்றான் ஒருவன். மௌன நேரம் தொடங்கியிருந்தது, நான் குரலைத் தாழ்த்தி ஓம் விதியை விளக்குகிற பொறுமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூவரும் எனக்குப் பின்னால் பார்த்து உறைந்து போனார்கள்.

முக்காடோடு, இடது கையில் கரண்டியோடு, அவள் நின்றிருந்தாள்.

"ப்பா, சாப்ட வா" என்றாள்.

பைக் ஒரே உதையில் கிளம்பி கோமுகி அணைப் பக்கம் பறந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே ஐயா கண்ணைத் திறந்து பார்த்தார். மௌன நேரத்தில் பேசிவிட்டாளே, ஏதும் தண்டனை கொடுப்பார்களோ, வெளியே அனுப்புவார்களோ, அனுப்பினால் நல்லதுதானோ என்று வழக்கம்போல என் மனசு நாலு திசையிலும் ஓடியது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

அது நல்ல இடமா, கெட்ட இடமா, எனக்கு இன்னும் தெரியாது. பயம் போகவில்லை. வீட்டுக்கு எப்போது வருவாய் என்று தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். கடைசி இலையில் உட்கார்ந்தேன். வாளி வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். அவள் இரண்டாம் தடவை ஊற்றினாள், மூன்றாம் தடவையும் ஊற்றினாள், சாம்பார் இலையைத் தாண்டிக் களத்தில் ஓடியது. நான் கையைக் கவிழ்க்கவில்லை.